பிரித்தறிதலும் பொருத்தியறிதலும்

(நம் சங்கத்தின் விழுப்புரம், திண்டிவனம் கிளைகள் இரண்டும் ஒருங்கு கூடி விழுப்புரத்தில் நடத்திய குடும்பக் கூட்டத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



இக்கூட்டத்தில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபொழுது, யான் இலக்கியம் ஒன்றைப் பற்றியே பேசுவேன் என்று உங்களிற் பலர் எண்ணியிருப்பீர்கள். இருபது ஆண்டுகளாகத் தமிழாசிரியத் தொழில் புரிந்து வருபவன் ஆதலின் அவ்வெண்ணம் இயல்பேயாம். ஆயினும், இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தல், பழுதுற்ற கணினியைச் சீர் செய்தல், மோட்டார் வண்டியின் எஞ்சினைக் கழற்றி மாட்டுதல் என்னும் பொழுதுபோக்கினைப் பற்றியே சில சொல்லக் கருதுகின்றேன். தமிழ் கற்றவனுக்குத் திருப்புளியோடு என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இப்பேச்சின் முதற்பகுதியாகும்.

நம் வீடுகளில் இரண்டு கருத்துகள் வேரூன்றி நிற்கின்றன. ஒன்று, பொருளைப் பிரிக்கும் பிள்ளை பொருளைக் கெடுக்கும் பிள்ளை என்பது. மற்றொன்று, கையில் எண்ணெய்க் கறை படியச் செய்யும் தொழில் படிப்பு வாராதவர்க்கு உரியது என்பது. இவ்விரண்டும் பிழையான கருத்துகள் என்பது என் துணிபு. பிழை என்பதோடு நில்லாது, நம் மக்களின் அறிவைக் குறுகச் செய்து, நம்முள்ளேயே ஒருவரை ஒருவர் தாழ்வாக எண்ணவும் செய்கின்றன. ஆகலின் இதனை விளையாட்டுப் பொருளாகக் கருதாது, சற்றே செவி சாய்க்குமாறு வேண்டுகின்றேன்.

முதற்கண் பிரித்தல் என்பதனை நோக்குவோம். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் கற்பிக்கின்றோம். 'நடந்தனன்' என்னும் சொல்லை மாணவன் முன் வைத்து, இதனைப் பிரித்துக் காட்டு என்கின்றோம். நட என்பது பகுதி. அடுத்து வரும் த் என்பது சந்தி. அது ந் எனத் திரிந்தது விகாரம். அடுத்த த் என்பது இறந்தகாலம் காட்டும் இடைநிலை. அன் என்பது சாரியை. இறுதி அன் என்பது ஆண்பால் காட்டும் விகுதி. இவ்வாறு பிரித்துக் காட்டிய மாணவனை, சொல்லை உடைத்துவிட்டாய் என்று எவரேனும் அடிப்பாருண்டோ? இல்லை, முழு மதிப்பெண் வழங்குகின்றோம். ஏனெனின், உறுப்புகளை அறிந்தவனே அச்சொல்லை அறிந்தவன். அவனே அதனை மீளச் சேர்க்கவும், அதுபோற் புதுச்சொல் ஆக்கவும் வல்லவன். நன்னூலார் சொல்லுக்குச் செய்ததனைச் சிறுவன் ஒருவன் வானொலிப் பெட்டிக்குச் செய்யும்பொழுது மட்டும் நாம் ஏன் பிரம்பை எடுக்கின்றோம்?

பொறியும் ஒரு சொற்றொடர் போன்றதே. ஒவ்வோர் உறுப்பும் ஒரு பணியைக் கருதி நிற்கின்றது. ஓர் உறுப்புப் பிறழின் பொருள் பிறழ்கின்றது. எந்த உறுப்பு எப்பணிக்கு என்று அறிவதே பொறியிலக்கணமாகும். யான் திண்டிவனத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்தில், வானொலி பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் தம் கடைத் திண்ணையில் என்னை மாலைதோறும் அமரவிட்டார். 'பார், கேட்காதே, பார்த்து முடித்தபின் கேள்' என்பதே அவர் எனக்கு இட்ட ஒரே விதி. அங்கேதான் மின்கலம் இன்றியே பேசும் வானொலி ஒன்றை முதன்முதலிற் செய்தேன். அதன் அமைப்பு மிக எளியது. அட்டைக் குழல் ஒன்றில் செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிய சுருள் ஒன்று. நிலையத்தைத் தேர்ந்தெடுக்க, சுழற்றும் கண்டென்சர் ஒன்று. அலையிலிருந்து ஒலிக்குறியைப் பிரித்தெடுக்கும் ஜெர்மானிய டயோடு ஒன்று. காதில் வைக்கும் கேள்கருவி ஒன்று. கூரைமேல் நீண்ட கம்பி ஒன்று. நிலத்திற் புதைத்த கம்பி ஒன்று. அவ்வளவே. நிலையத்திலிருந்து வரும் அலையின் ஆற்றலே அக்கேள்கருவியை மெல்ல ஒலிக்கச் செய்கின்றது.

கண்ணுக்குப் புலனாகாத ஒன்று வான்வழியே வந்து, கையாற் சுற்றிய கம்பியிற் புகுந்து, மனிதக் குரலாக ஒலித்தபொழுது யான் எய்திய வியப்பு, பின்னாளில் ஒரு நல்ல செய்யுளின் பொருள் விளங்கியபொழுது எய்திய வியப்பினின்றும் வேறன்று. அறியாதது அறியப்பட்ட இன்பம் இரண்டிடத்தும் ஒன்றே.

இப்பொழுதுபோக்கு நம் நாட்டிற்குச் செய்த நன்மையைச் சிறிது வரலாற்றோடு காண்போம். சென்னை நகரில் அரசாங்க வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் தொடங்கிற்று. ஆனால் சென்னையில் வானொலி அன்று பிறந்ததன்று. அதற்குப் பதினான்கு ஆண்டுகட்கு முன்னரே, 1924-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் பொறியாளர் முன்னின்று, ஆர்வலர் சிலரைக் கூட்டிச் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அச்சங்கத்தார் ஒலிபரப்பைத் தொடங்கினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றது. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற கருவிகளைச் சென்னை நகராண்மைக் கழகம் ஏற்று, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு ஒலிபரப்பலாயிற்று. ஒரு சங்கத்தார் பொழுதுபோக்காகத் தொடங்கியது, நகரத்தின் பொதுப்பணியாக முடிந்தது. நாமும் ஒரு சங்கத்தாரே என்பதனை ஈண்டு நினைவூட்டுகின்றேன்.

இனி, கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களைப் பற்றிக் கூறாது இப்பொருளை முடித்தல் இயலாது. அவர் 1893-ஆம் ஆண்டு கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவர்க்கு ஒரு சிறிதே வாய்த்தது. அவ்வூர்ப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு, அதனைத் தாமும் பெறவேண்டும் என்னும் வேட்கை கொண்டார். கோயம்புத்தூர் சென்று, உணவு விடுதியிற் பரிமாறும் வேலை உட்படக் கிடைத்த வேலைகளைச் செய்து பொருள் சேர்த்து, அதனை வாங்கினார். வாங்கியபின் ஏறி ஊர்வலம் வந்ததோடு அமையாது, அதனைக் கழற்றியும் மாட்டியும் அதன் நுட்பத்தைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கி, அதனைப் பெரியதொரு போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு கூடி, இந்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி முதலாகப் பல பொறிகளை ஆக்கினார். 1945-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்ற பொறியியற் கல்லூரிக்கு முதல் முதல்வராகவும் அமர்ந்தார். 1974-இல் மறைந்தார்.

பட்டம் பெறாத ஒருவர் பட்டம் வழங்கும் கல்லூரிக்கு முதல்வரானார் என்றால், அஃது எவ்வாறு நிகழ்ந்தது? அவர் கை கற்றதனை அவர் மனம் ஆராய்ந்தது. மனம் ஆராய்ந்ததனைக் கை மீண்டும் செய்து பார்த்தது. அவர் எக்குலத்தவர் என்று நாம் வினவ வேண்டுவதில்லை. அவர் செய்த வழியில் நம் பிள்ளைகள் செல்ல நாம் இடம் கொடுக்கின்றோமா என்பதே நாம் வினவ வேண்டுவது.

மோட்டாரும் வானொலியும் இருக்கட்டும். தமிழுக்கு இதனால் என்ன பயன் என்று தமிழன்பர்கள் கேட்பர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்று ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் தமிழ் எழுத்தாளர். ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் தமிழ் கற்பித்தவர். கணினியில் தமிழை எழுதுவதற்கு வழி தேடித் தாமே முயன்று, கணியன் என்னும் எழுத்து முறையை உருவாக்கினார். 1995-இல் இணையத்தில் தமிழ் ஏறியதில் அவருடைய பங்கு பெரிது. மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் 1985-ஆம் ஆண்டளவிலேயே முரசு என்னும் தமிழ்ச் செயலியை ஆக்கத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள், தம் தொழிலுக்கு யாதொரு தொடர்பும் இன்றி, ஓய்வுப் பொழுதில் மயிலை என்னும் தமிழ் எழுத்துருவை அமைத்து உலகிற்கு இலவசமாக அளித்தார். 1998-இல் அவரும் அன்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகப் பழந்தமிழ் நூல்கள் பல இன்று எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன.

இவர்களெல்லாம் தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றுக என்று எவரேனும் ஆணையிட்டதனாற் செய்தவர்கள் அல்லர். பொறியைத் திறந்து பார்க்கும் ஆவலும் மொழிப்பற்றும் ஒருங்கே வாய்த்தமையாற் செய்தவர்கள். யான் இன்று வகுப்பிற்கு வேண்டும் செய்யுளை இணையத்தில் எடுத்துப் படிக்கின்றேன் என்றால், அஃது அவர்களுடைய ஓய்வுப் பொழுது எனக்கு இட்ட பிச்சையாகும். தமிழ்ப் புலவனுக்கும் திருப்புளிக்கும் உள்ள உறவு இதுவே.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். விழுப்புரம் இருப்புப்பாதைச் சந்திப்பு. சென்னை, புதுச்சேரி, காட்பாடி, கடலூர், விருத்தாசலம் ஆகிய ஐந்து திசைகட்கும் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. திண்டிவனமோ சாலைச் சந்திப்பு. சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, செஞ்சி, வந்தவாசி, மரக்காணம் என்று சாலைகள் அங்குக் கூடுகின்றன. வண்டிகள் கூடும் இடத்தில் வண்டிகள் பழுதாதலும் உண்டு; ஆகலின் பட்டறைகளும் உண்டு. லாரியின் அடியில் படுத்து, ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் இன்ன பேரிங் தேய்ந்தது என்று கூறும் மெக்கானிக்குகள் நம் இரண்டு ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்களிற் சிலர் இக்கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் ஏன் பின்வரிசையில் அமர்ந்தனர் என்பதனைப் பற்றி இறுதியிற் சொல்வேன்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த பெஞ்சல் புயலை நாம் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்தமையால் இரயில்கள் நின்றன. வீடுகளில் புகுந்த நீர் மிக்சி, கிரைண்டர், குளிர்பெட்டி, மோட்டார் சைக்கிள், கார் அனைத்தையும் நனைத்தது.

நீர் வடிந்ததும் பலர் முதலிற் செய்தது யாது? வண்டியின் சாவியைத் திருகிப் பார்த்ததே. அதனால் நேரும் கேட்டினை விளக்குகின்றேன். எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலேறும்பொழுது காற்றையும் எரிபொருளையும் அழுத்துகின்றது. காற்று அழுந்தும்; நீரோ அழுந்தாது. உள்ளே நீர் நிறைந்திருக்க எஞ்சின் சுழலுமாயின், பிஸ்டன் மேலே செல்ல வழியின்றி முட்ட, அதனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிறிது செலவில் முடிய வேண்டிய வேலை, எஞ்சினையே மாற்றும் செலவாக முடியும். இதனை அறிந்த இல்லத்தார் சாவியைத் தொடமாட்டார். பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவர். ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, இருசக்கர வண்டியாயின் கிக்கரை மெல்லப் பலமுறை மிதித்து நீரை வெளியேற்றுவர். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்தது என்று அறிந்து மாற்றுவர். காராயின் பட்டறைக்கு இழுத்துச் செல்வர். இவ்வளவும் அறிய ஒருவன் மெக்கானிக்காக வேண்டுவதில்லை. சிறுவயதில் ஒருமுறை எஞ்சின் ஒன்றைத் திறந்து பார்த்திருந்தாற் போதும்.

வேளாண்மை செய்யும் அன்பர்கட்கும் ஒன்று கூறுவேன். கிணற்றிலும் ஆழ்துளையிலும் ஓடும் மும்முனை மின்மோட்டார், மூன்று முனைகளில் ஒன்று அறுந்தபோதும் சில வேளை நிற்பதில்லை. எஞ்சிய இரண்டில் மிகுதியான மின்னோட்டம் பாய, முனகிக்கொண்டே சூடேறிச் சுருள் கருகிப்போகின்றது. காயில் சுற்றக் கொடுக்கும் பணம் எத்துணை என்பது உங்கட்குத் தெரியும். மோட்டாரின் ஒலி வழக்கத்தினின்றும் மாறியதைக் கேட்டவுடன் நிறுத்துபவன் மோட்டாரைக் காத்தவன் ஆகின்றான். முனை அறுந்தால் தானே நிறுத்தும் கருவியும் உண்டு. அது பெட்டியில் வேலை செய்கின்றதா என்று பருவத்திற்கு ஒருமுறை மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பவன் அறிவுடையவன்.

அன்பர்களே! இக்கலையைப் பழகுதற்குப் பொருள் எங்கே என்று கேட்பீர்கள். பொருள் நம் வீட்டிலேயே கிடக்கின்றது. 2006 தொடங்கி அரசு வழங்கிய தொலைக்காட்சிப் பெட்டிகள், 2011 தொடங்கி வழங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்க்குத் தந்த மடிக்கணினி ஆகியவற்றிற் பல இன்று பரண்மேல் உறங்குகின்றன. அம்மடிக்கணினிகளிற் பலவற்றுக்கு நேர்ந்த நோய் பெரிதன்று. தூசி அடைத்த விசிறி, தேய்ந்த ஹார்டு டிஸ்க், போதாத நினைவகம் என்பனவே அவை. ஹார்டு டிஸ்கினை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, விலையில்லாது கிடைக்கும் லினக்ஸ் இயக்குதளத்தை ஏற்றினால், பள்ளிப் பிள்ளைக்குத் தமிழ் தட்டச்சுப் பழகவும் நூல் படிக்கவும் அது போதிய கருவியாகும். யான் இவ்வாறு சீர் செய்த கணினிகளில் என் மாணவர் சிலர் இன்றும் எழுதி வருகின்றனர்.

ஆயினும் ஆவலுக்கு அறிவு காவல் நிற்றல் வேண்டும். பெற்றோர் அஞ்சுவது முற்றும் காரணமற்றதன்று. ஆகலின் சில விதிகளை உறுதியாகக் கூறுகின்றேன். சிறுவர் எப்பொருளைத் திறப்பினும், முதலில் மின்னிணைப்பைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளல் வேண்டும். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியைச் சிறுவர் திறத்தல் ஆகாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதன் படக்குழாயில் உயிரைப் பறிக்கத்தக்க மின்னழுத்தம் தங்கியிருத்தல் கூடும். கைப்பேசியின் பேட்டரி உப்பியிருப்பின் அதனைக் குத்துதலும் வளைத்தலும் தீயை வரவழைக்கும். ஜாக்கி ஒன்றையே நம்பிக் காரின் அடியிற் புகுதல் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே புகுதல் வேண்டும். செம்புக்காகக் கம்பியை எரித்தல் கூடவே கூடாது, அப்புகை நஞ்சு.

இவற்றோடு பழக்கம் மூன்று வேண்டும். கழற்றும் ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்குதல் ஒன்று. கழற்றுமுன் இருந்த நிலையைப் படமாக வரைந்தோ கைப்பேசியிற் படம் பிடித்தோ வைத்தல் இரண்டு. தொடங்கிய வேலையை முடித்து, பொருளை மூடி, கருவிகளைத் துடைத்து இடத்தில் வைத்தல் மூன்று. மூன்றாவதே கடினமானது; அதுவே ஒழுக்கமுமாவது. பிரித்தல் ஆவலினால் நிகழும்; பொருத்துதல் பொறுமையினால் மட்டுமே நிகழும். பொருத்தத் தெரியாதவன் பிரித்ததனால் பெற்ற பயன் பாதியே. விகுதியைப் பிரித்தவன் சொல்லைப் புணர்க்கவும் அறிதல் வேண்டுமன்றோ?

சிலர், இவ்வேலைகளால் படிப்புக் கெடும் என்பர். யான் கண்ட வரையில், கெடுவது படிப்பன்று. மனப்பாடத்தின்மேல் உள்ள நம்பிக்கையே கெடுகின்றது. மல்டிமீட்டரை எடுத்து மின்தடையை அளந்த பிள்ளைக்கு ஓம் விதி மறப்பதில்லை. வேறு சிலர், இன்றைய கருவிகள் எல்லாம் பசையிட்டு மூடியவை, திறக்கவும் இயலா, பழுதானால் எறிந்து புதிது வாங்குவதே முறை என்பர். மூடி வைத்திருப்பது உண்மையே. ஆயினும் நம் வீட்டில் மின்விசிறி உண்டு, மிதிவண்டி உண்டு, நீரேற்றும் மோட்டார் உண்டு. திறக்கக்கூடியவை தீர்ந்துபோகவில்லை. விசிறி மெல்லச் சுழன்றால் பெரும்பாலும் அதன் கண்டென்சரே காரணம். அதனை மாற்றச் சிறிது பொருளும் சிறிது நேரமும் போதும். இதனை அறியாத வீட்டார் விசிறியையே மாற்றுகின்றனர்.

பெண் மக்கள் இதற்கு உரியவர் அல்லர் என்று இங்கு எவரும் எண்ணமாட்டீர்கள் என நம்புகின்றேன். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபொழுது, போர்ட்பிளேரிலிருந்து செய்தியை வெளியுலகிற்கு அனுப்பியவர்களுள் முன்னின்றவர் பாரதி பிரசாத் என்னும் அம்மையார். அமெச்சூர் வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்டு, அப்பணிக்காகவே அன்று அங்குச் சென்றிருந்தவர் அவர். தம் உறவினர் உயிரோடு உள்ளனரா என்று ஏங்கிய குடும்பங்கட்கு அவருடைய பொழுதுபோக்கு விடை கூறிற்று. அவ்வானொலிக்கு அரசு நடத்தும் தேர்வினை எழுதி உரிமம் பெறுதல் வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பினாற் போதும். நம் பெண் மக்கள் அதனை எழுதத் தடை யாது?

இனி, முன்னர்க் கூறுவதாகச் சொன்ன பின்வரிசைப் பொருளுக்கு வருகின்றேன். இதனைக் கூறுதற்காகவே யான் இன்று நின்றேன் என்றாலும் பிழையாகாது.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் மதிப்பெண் மிகுதியாகப் பெற்றோர்க்குப் பரிசளிக்கின்றோம்; பட்டம் பெற்றோர்க்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். அது நன்றே. ஆனால் ஐ.டி.ஐ. பயின்று பொறியை இயக்கும் இளைஞனை அம்மேடையில் ஏற்றியதில்லை. திருமணப் பேச்சில், பையன் பட்டறை வைத்திருக்கின்றான் என்றவுடன் முகம் சுளிக்கின்றோம். அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து அதனினும் குறைந்த ஊதியம் பெறுவான் என்றால் முகம் மலர்கின்றோம். புயல் நாளில் நம் வீட்டு மோட்டாரைச் சீர் செய்தவர் யார்? நள்ளிரவில் நெடுஞ்சாலையில் நம் வண்டி நின்றபொழுது வந்தவர் யார்? அவர் கையை நம்பி உயிரை ஒப்படைக்கும் நாம், அவர் கையைப் பற்றி அருகில் அமர்த்தத் தயங்குகின்றோம். இதனைக் கண்ட பிள்ளைகள், கையால் செய்வது இழிவு என்று கற்றுக்கொள்கின்றனர். நாம் வாயால் கற்பிக்கவில்லை, வரிசையால் கற்பிக்கின்றோம். தாழ்வென்று பிறர் நம்மை எண்ணலாகாது என்பதற்கன்றோ நம் முன்னோர் சங்கம் கண்டனர்? சங்கத்துக்குள்ளேயே ஒருவரை நாம் தாழ்வாக எண்ணுதல் எவ்வாறு பொருந்தும்?

ஆகலின் இச்சபையின்முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றேன்.

முதலாவது, சங்கத்தின் கல்வி உதவி நிதியில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பயிலும் பிள்ளைகட்கும் சம உரிமை வழங்கல் வேண்டும். அவர்கட்குப் புத்தகம் மட்டுமன்றி, நல்ல கருவிப் பெட்டி ஒன்றும் வாங்கித் தருதல் வேண்டும்.

இரண்டாவது, சங்கக் கட்டடத்தின் பின்புறம் பூட்டிக் கிடக்கும் அறையைத் திறந்து, கருவியறை ஒன்று அமைத்தல் வேண்டும். அகன்ற மேசை இரண்டு, நல்ல வெளிச்சம், திருப்புளிகள், ஸ்பேனர் வரிசை, பற்றவைக்கும் கோல், மல்டிமீட்டர் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். பரண்மேல் உறங்கும் பொருள்களை உறுப்பினர் கொணர்க. ஞாயிறு தோறும் மாலை இரண்டு மணி நேரம் யான் அங்கு இருப்பேன் என்று இச்சபையில் உறுதி கூறுகின்றேன்.

மூன்றாவது, அவ்வறையில் ஆசிரியராக அமர வேண்டியவர் யான் அல்லேன். யான் பொழுதுபோக்காகக் கற்றவன். தொழிலாகக் கற்றவர்கள் நம்முள் இருக்கின்றனர். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பெரியோர்களை ஆசிரியராக வருமாறு சங்கம் முறைப்படி அழைத்தல் வேண்டும். அவர்களைப் பிள்ளைகள் 'ஐயா' என்று அழைத்துக் கற்றல் வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் அவர்கட்கு முன்வரிசையில் இருக்கை இடுதல் வேண்டும்.

தாய்மார்களே! நாளை உங்கள் பிள்ளை பழைய கடிகாரம் ஒன்றைத் திறந்து, அதன் பற்சக்கரங்களைத் தரையிற் பரப்பி வைத்திருக்கக் கண்டால், உடனே சினவாதீர்கள். மின்னிணைப்பு உண்டா என்று மட்டும் பாருங்கள். இல்லையாயின், ஒரு தட்டைக் கொடுத்து, 'இதில் வரிசையாக அடுக்கு. மாலைக்குள் மீண்டும் மாட்டிவிடு' என்று கூறுங்கள். மாட்டி முடித்தால் மகிழுங்கள். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அத்தட்டோடு அவனையோ அவளையோ கருவியறைக்கு அனுப்புங்கள். எஞ்சியதை அங்கே சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.